எங்கே தங்குவது? எங்கே சாப்பிடுவது?

விடுமுறை வந்துவிட்டால் நமது தோழர்களில் பலர் பெண்டு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தூத்துக்குடி, திருச்செந்தூர், மணப்பாடு முதலிய கடற்கரை ஊர்களைப் பார்க்கப் புறப்படுவது இப்போது வழக்கமாகி வருகின்றது. இதை நாம் குற்றமாகச் சொல்ல வரவில்லை. வருஷம் முழுவதும் உழைத்தவன் நான்கு நாள் கடற்காற்று வாங்குவதும், பிள்ளைகளுக்குக் கப்பலையும் துறைமுகத்தையும் உப்பளத்தையும் காட்டுவதும் நல்ல காரியமே. ஒரு கோவிலைச் சுற்றுவதைவிட ஒரு துறைமுகத்தைச் சுற்றுவதனால் பிள்ளைகளுக்கு அறிவு வளரும் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை.

ஆனால் புறப்படுகின்ற தோழர்கள் முதலில் கேட்கின்ற கேள்வி, "எங்கே தங்குவது? எங்கே சாப்பிடுவது?" என்பதுதான். கேட்பதற்கு இது சின்ன விஷயம் போலத் தோன்றும். காசு இருக்கிறது, கடை இருக்கிறது, இதில் என்ன யோசனை என்று சிலர் நினைக்கலாம். நம் நாட்டில் இந்தக் கேள்வி ஒருநாளும் சின்னக் கேள்வியாக இருந்ததில்லை. காசு கையில் இருந்தும் சோறு கிடைக்காதவனும், அறை காலியாக இருந்தும் திண்ணையில் படுத்தவனும் இந்த நாட்டில் லட்சக்கணக்கானவர்கள். ஆகவே அதைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச விரும்புகின்றோம்.

பழைய கதை

1901-ஆம் ஆண்டில் ஒன்பது பத்து வயதுப் பையன் ஒருவன், தன் அண்ணனோடும் உறவினர் பிள்ளையோடும், வெளியூரில் வேலையாயிருந்த தகப்பனைப் பார்க்க ரயில் ஏறினான். புதுச் சட்டை, புதுத் தொப்பி. மசூர் என்ற ஸ்டேஷனில் இறங்கியதும், அவர்கள் மகர் ஜாதிப் பிள்ளைகள் என்று தெரிந்தது. வண்டிக்காரன் எவனும் ஏற்றிக்கொள்ள மறுத்தான். கடைசியில் இரட்டைக் கூலி கொடுத்து, வண்டியைத் தாங்களே ஓட்டிக்கொண்டு போனார்கள். கையில் சாப்பாடு நிறைய இருந்தது. குடிக்கத் தண்ணீர் கொடுப்பார் இல்லாததால் அதைச் சாப்பிட முடியவில்லை. அந்தப் பையன்தான் பிற்காலத்தில் டாக்டர் அம்பேத்கர். 1917-இல் அமெரிக்காவிலும் லண்டனிலும் படித்துத் திரும்பி, பரோடாவில் உத்தியோகத்துக்குப் போனபோதும், தங்குவதற்கு இடமில்லாமல் பார்சிகளின் விடுதி ஒன்றில் பார்சிப் பெயர் சொல்லித் தங்க வேண்டியதாயிற்று. சில நாட்களில் விஷயம் வெளிப்பட்டது. தடி எடுத்த கூட்டம் வந்து வெளியேற்றிற்று. அத்தனை படிப்பும் ஒரு கட்டிலுக்கு ஈடாகவில்லை.

இது வடநாட்டுச் சங்கதி என்று யாரும் சமாதானம் சொல்லிக்கொள்ள வேண்டாம். தூத்துக்குடிக்குப் பக்கத்திலேயே, தாமிரபரணிக் கரையிலுள்ள சேரன்மாதேவியில், தேசபக்தியின் பேரால் நடந்த குருகுலத்தில், பார்ப்பனப் பிள்ளைக்குத் தனிப் பந்தி, மற்றப் பிள்ளைக்கு வேறு பந்தி என்று நடந்ததும், அதற்குத் தமிழ்நாட்டுக் காங்கிரஸ் பொதுப்பணம் 5,000 ரூபாய் கொடுத்திருந்ததும், 1924, 1925-ஆம் ஆண்டுகளில் நாடே அறிந்த விவகாரம். ரயில்வே ஸ்டேஷன் சாப்பாட்டு விடுதிகளில் பார்ப்பனருக்குத் தனி இடம், மற்றவர்களுக்குத் தனி இடம் என்றிருந்த முறை, நீண்ட கிளர்ச்சிக்குப் பிறகு 1941-இல்தான் ஒழிந்தது. டிக்கெட்டுக்கு இருவரும் ஒரே காசுதான் கொடுத்தார்கள். எஞ்சின் இருவரையும் ஒரே கரியில்தான் இழுத்தது. இட்லிக்கு மட்டும் இரண்டு ஜாதி! 1957-இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் ஒரு ஹோட்டல் பலகையிலிருந்த "பிராமணாள்" என்ற ஒரு சொல்லை எடுப்பதற்காகத் தோழர்கள் மாதக்கணக்காக மறியல் செய்து, நூற்றுக்கணக்கில் ஜெயிலுக்குப் போகவேண்டியிருந்தது. ஒரு சொல்லுக்கு இவ்வளவா என்று அன்று கேலி பேசினார்கள். ஒரு சொல்தானே என்றால் அதை எடுத்துவிட ஏன் அவ்வளவு நாள் ஆயிற்று என்பதற்குக் கேலி பேசியவர்கள் பதில் சொல்லவில்லை.

அமெரிக்கா தேசத்தில் நீக்ரோ மக்களுக்கும் இதே கதிதான். நியூயார்க்கைச் சேர்ந்த விக்டர் கிரீன் என்ற தபால்காரர் 1936-இல் ஒரு புத்தகம் போட ஆரம்பித்தார். எந்த ஊரில் எந்த விடுதியில் கறுப்பு மனிதன் அவமானப்படாமல் தங்கலாம், எந்தக் கடையில் சாப்பிடலாம் என்ற ஜாபிதாதான் அந்தப் புத்தகம். முப்பது வருஷ காலம் அது அச்சாகி விற்றது. ஊர் பார்க்கப் போகிறவனுக்கு நல்ல கடற்கரை எது என்று சொல்ல வேண்டிய புத்தகம், உதை விழாத ஊர் எது என்று சொல்லவேண்டி வந்தது. 1964-இல் சட்டம் வந்து விடுதிக் கதவு திறந்தது. பிறகு அந்தப் புத்தகத்துக்கு வேலையில்லாமல் போயிற்று. நம் நாட்டில் 1950-லேயே அரசியல் சட்டத்தின் 15-ஆம் பிரிவு, மதம், ஜாதி, பிறந்த இடம் முதலியவற்றைக் காட்டிக் கடையிலும் ஹோட்டலிலும் ஒருவனைத் தடுக்கக்கூடாது என்றது. 1955-ஆம் ஆண்டுச் சட்டம், தீண்டாமை காட்டி ஹோட்டலிலோ சத்திரத்திலோ தடுப்பதும், அங்குள்ள பாத்திரத்தை உபயோகிக்க விடாமல் செய்வதும் குற்றம் என்றது. சட்டம் வந்தது, ஜாபிதா மட்டும் ஒவ்வொருவர் மனதிலும் அப்படியே இருக்கின்றது. அதைத்தான் இப்போது சொல்லப்போகின்றோம்.

எனக்கு நேர்ந்தது

சில வருஷங்களுக்கு முன் இந்தக் கடற்கரைப் பக்கத்து ஊர் ஒன்றில் கூட்டம் முடிந்து, நாங்கள் இரண்டு குடும்பத்தார் இரண்டு நாள் தங்கி ஊர் பார்க்க நினைத்தோம். என்னோடு வந்த தோழர் உப்பளத் தொழிலாளியின் மகன். நம்மைவிட நன்றாகப் படித்தவர். ஒரு விடுதிக்குப் போனோம். குமாஸ்தா வாடகை சொன்னார், முன்பணம் வாங்கினார், சாவியையும் கொடுத்தார். தோழரின் சின்ன மகள் சாவியை வாங்கிக் கையில் சுழற்றிக்கொண்டு நின்றாள். பதிவுப் புத்தகத்தில் எழுதும்போது,

"அண்ணாச்சிக்குச் சொந்த ஊரு எது?" என்றார்.

தோழர் சொன்னார்.

"அங்கன எந்தத் தெரு?"

தோழர் தெருவையும் சொன்னார். எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. உள்ளே போய்விட்டு வந்தார். "மன்னிக்கணும் அண்ணாச்சி, அந்த ரூம்பு ஏற்கெனவே வேற ஆளுக்குச் சொல்லியிருக்காம். முதலாளி இப்பத்தான் சொல்லுதாக" என்று பணத்தைத் திருப்பிக் கொடுத்து, குழந்தையின் கையிலிருந்த சாவியை வாங்கிக்கொண்டார். நாங்கள் வாசலைத் தாண்டுவதற்குள் வேறொரு குடும்பம் வந்தது, அவர்களிடம் தெரு கேட்கவில்லை, சாவி கொடுக்கப்பட்டது.

ஊருக்கு ஊர் மேடையேறிப் பேசுகின்ற நான் அன்று என்ன செய்தேன்? "இருட்டிவிட்டது, பிள்ளைகள் தூங்கி விழுகின்றன, வேறு இடம் பார்ப்போம்" என்றேன். வேறு இடம் கிடைத்தது. ஆனால் அந்தக் குழந்தை, "ஏம்ப்பா, குடுத்த சாவிய வாங்கிக்கிட்டாங்க?" என்று கேட்டதற்கு அவளுடைய தகப்பனார் பதில் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அன்று அங்கேயே நின்று கேட்டிருக்க வேண்டும். போலீசில் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். செய்யவில்லை. இது என் தவறு. இந்தக் கட்டுரையை எழுதுவதற்கு அந்தச் சாவியே காரணம்.

முத்தும் உப்பும்

இந்த ஜாதித் தீட்டுக்காரர்களின் அறிவை அளந்து பார்ப்பதற்குத் தூத்துக்குடியைவிடத் தகுந்த ஊர் கிடையாது. எப்படி என்றால், இந்தக் கரையின் புகழெல்லாம் இரண்டு பொருளால் வந்தது. ஒன்று முத்து, மற்றொன்று உப்பு.

முத்து எப்படி வருகிறது? சுவாதி நட்சத்திரத்தில் விழுகின்ற மழைத்துளியைச் சிப்பி வாய் திறந்து குடித்து முத்தாக்குகிறது என்று புராணக்காரர்கள் எழுதி வைத்தார்கள். சிப்பியின் உடலுக்குள் ஏதேனும் அந்நியப் பொருளோ, சிறு கிருமியோ புகுந்தால், அதன் உபத்திரவத்துக்காகச் சிப்பி அதைச் சுற்றிப் பூசி மூடுகின்ற பூச்சே முத்து. இந்த உண்மையைக் கொண்டு ஜப்பான்காரன் முத்தை வளர்க்கக் கற்றான். நம் தூத்துக்குடியிலேயே மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் 1973-இல் முத்து வளர்த்துக் காட்டினார்கள். எந்த நட்சத்திரத்துக்கும் அவர்கள் காத்திருக்கவில்லை.

அந்தக் காலத்தில் முத்துக் குளித்தவன் யார்? மூச்சைப் பிடித்துக்கொண்டு, காலில் கல்லை மாட்டிக்கொண்டு, கடலின் அடிக்குப் போன பரவனும் முஸ்லிமும்தான். அவன் கொண்டுவந்த சிப்பியைக் கரையில் குவித்து நாட்கணக்காக அழுக விடுவார்கள். புழு வைத்து, சதையெல்லாம் தின்று தீர்ந்தபின், நாற்றம் ஊரைத் தூக்க, அதைக் கழுவிக் கழுவி முத்தைப் பொறுக்குவார்கள். குளித்தவனுக்கு மூன்றில் ஒரு பங்கு, மற்றது சர்க்காருக்கு. இப்படிப் புழுவுக்கு நடுவிலிருந்து பொறுக்கிய முத்துதான் ராஜாவின் கழுத்திலும், சாமியின் கழுத்திலும், மடாதிபதியின் கழுத்திலும் ஏறிற்று. அதில் தீட்டில்லை. ஆனால் அந்த முத்தை எடுத்தவன் வீட்டுச் சோற்றிலும் மீன் குழம்பிலும் தீட்டு! என்ன நியாயம் இது?

உப்புக்கு வருவோம். இந்தியாவில் குஜராத்துக்கு அடுத்தபடியாக உப்பு விளைவது தமிழ்நாட்டில். அதில் பெரும்பகுதி தூத்துக்குடியில். காலையில் நீங்கள் கடற்கரைச் சாலையில் போகும்போது பாருங்கள். ஆணும் பெண்ணும் உப்புத் தண்ணீரில் நின்று, கால் வெடித்து, கண் கூசி, உப்பை வாரிக் குவிக்கிறார்கள். அவர்கள் மிதித்த பாத்தியில் விளைந்த உப்புதான் ஆசாரக்காரர் வீட்டுச் சாம்பாரிலும், "உயர்தர சைவ" ஹோட்டல் சட்னியிலும், கோவில் புளியோதரையிலும் கரைந்திருக்கிறது. அந்தத் தொழிலாளியின் கால் பட்ட உப்பு வேண்டும். அவன் மகனுக்கு அறை கொடுத்தால் விடுதி கெட்டுவிடும் என்றால், இப்படிச் சொல்கிறவர்கள் முதலில் உப்பில்லாமல் சாப்பிட்டுக் காட்டட்டும் என்று கேட்கின்றோம்.

பலகையைப் பார்த்து ஏமாறுதல்

முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் கடல்கட்டி என்று ஒரு மந்திரவாதி உண்டு. குளிக்கிறவனைச் சுறா கடிக்காதபடி மந்திரத்தால் சுறாவின் வாயைக் கட்டுவது அவன் வேலையாம். வெள்ளைக்கார சர்க்கார்கூட ஒரு காலத்தில் அவனை வைத்துக்கொண்டு கூலி கொடுத்தது. ஏனென்றால் அவன் இல்லாவிட்டால் குளிக்கிறவன் பயந்து கடலில் இறங்கமாட்டான். சுறாவின் வாயை அவன் கட்டினானோ இல்லையோ, மனிதனுடைய புத்தியைக் கட்டிவிட்டான்.

இன்றைக்கு ஹோட்டல் பலகைகளும் இந்தக் கடல்கட்டி வேலையைத்தான் செய்கின்றன. "உயர்தர", "சுத்த", "ஆசார" என்ற சொற்களைப் பார்த்ததும் நம்மவர்கள் கண்ணை மூடிக்கொண்டு உள்ளே போகிறார்கள். சமையற்கட்டில் கரப்பான் ஓடுகிறதா, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, நேற்று அரைத்த மாவா என்பதையெல்லாம் பார்ப்பதில்லை. சைவம் என்பது ஒரு மதத்தின் பெயர். அதைக் காய்கறிச் சாப்பாட்டுக்குப் பெயராக்கி, பிறகு அதற்கு "உயர்தரம்" என்று பட்டமும் சூட்டினால், மீன் தின்கிறவன் தாழ்தரம் என்று தானே அர்த்தமாகிறது? காய்கறி மட்டும் சாப்பிடுகிறவர்கள்மீது நமக்கு எவ்விதக் கோபமும் இல்லை. நாக்கு அவரவர் சொந்தம். அதைப் பிறவி அந்தஸ்தாக்குவதைத்தான் கண்டிக்கின்றோம்.

இதிலே வேடிக்கை ஒன்று. ஆசாரம் பேசுகிற நண்பர் ஒருவர் தூத்துக்குடிக்குப் போனால் மக்ரூன் வாங்காமல் திரும்பமாட்டார். பெட்டி பெட்டியாக வாங்கி உறவினருக்கெல்லாம் கொடுப்பார். அது முட்டையின் வெண்கருவையும் சர்க்கரையையும் முந்திரிப் பருப்பையும் சேர்த்து அடித்துச் செய்வது என்று ஒருநாள் சொன்னேன். சிறிது நேரம் யோசித்துவிட்டு, "அது தித்திப்புத்தானே" என்றார். நாக்குக்குப் பிடித்துவிட்டால் சாஸ்திரம் வழிவிட்டுவிடுகிறது!

வடநாட்டில் 2024-ஆம் ஆண்டு ஜூலையில் நடந்ததையும் சொல்லவேண்டும். கன்வார் யாத்திரை போகிற வழியில், உத்தரப்பிரதேசத்து முசாபர்நகரில், சாப்பாட்டுக் கடைக்காரர்கள் தங்கள் பெயரைப் பலகையில் எழுதி வைக்கவேண்டும் என்று போலீசார் உத்தரவு போட்டார்கள். பெயரைப் பார்த்தால் மதம் தெரியும். மதம் தெரிந்தால் யார் கடையில் சாப்பிடாமல் இருப்பது என்று தீர்மானிக்கலாம். இதுதானே அதன் பலன்? சுப்ரீம் கோர்ட்டு ஜூலை 22-இல் அதற்குத் தடை விதித்து, என்ன சாப்பாடு என்று எழுதினால் போதும், யார் என்று எழுதச் சொல்லிக் கட்டாயப்படுத்தக்கூடாது என்று சொல்லிற்று. 1957-இல் திருவல்லிக்கேணியில் பலகையிலிருந்து இறக்கிய ஜாதியை, 2024-இல் வேறு ஊரில் வேறு பெயரில் பலகையில் ஏற்றப் பார்த்தார்கள் என்பதை நமது தோழர்கள் மறக்கக்கூடாது.

ஜாதி மடங்கள்

திருச்செந்தூருக்குப் போகிறவர்களுக்கு இன்னொரு வசதி உண்டு. ஒவ்வொரு ஜாதியாரும் தங்கள் ஜாதிப் பெயர் எழுதிய மடமும் மண்டபமும் கட்டி வைத்திருக்கிறார்கள். "நம்மவர் மடம் இருக்கும்போது நமக்கென்ன கவலை? வாடகையும் குறைவு" என்று நமது தோழர்களிலேயே சிலர் அங்கே போய்த் தங்குகிறார்கள்.

இதில் நியாயமான ஒரு பக்கம் உண்டு. அதை மறைக்க மாட்டோம். நூறு நூற்றைம்பது வருஷங்களுக்கு முன் நாடார் வியாபாரிகள் மாட்டு வண்டியில் சரக்கேற்றிக்கொண்டு போகும்போது, தங்க இடமும் பாதுகாப்பும் இல்லாததால், மகமை என்று வரி போட்டுக்கொண்டு, வழிநெடுகப் பேட்டைகள் கட்டினார்கள். 1897-இல் கமுதியில் கோவிலுக்குள் போனதற்காகக் கோர்ட்டுக்கு இழுக்கப்பட்டு, 1899-இல் சிவகாசிக் கலவரத்தில் வீடிழந்து உயிரிழந்த சமூகம் அது. மற்றவன் கதவைச் சாத்தினதனால் அவர்கள் தங்களுக்கென்று ஒரு கதவு செய்துகொண்டார்கள். அமெரிக்கத் தபால்காரர் போட்ட புத்தகமும் இந்த ரகந்தான். அன்று அது மருந்து.

ஆனால் நோய்க்குச் சாப்பிட்ட மருந்தை நோய் தீர்ந்த பின்னும் சாப்பிட்டுக்கொண்டே இருந்தால் அதுவே நோயாகும். கதவு சாத்தப்பட்டவன் கட்டிய மடத்தின் கதவு இன்று யாருக்குச் சாத்தப்படுகிறது என்று பார்க்கவேண்டாமா? தனக்கு மேலே உள்ளவன் தன்னை உள்ளே விடவேண்டும், தனக்குக் கீழே என்று நினைக்கப்படுகிறவனைத் தான் விடக்கூடாது என்பது சமத்துவமாகுமா? பார்ப்பனன் செய்தால் அக்கிரமம், நாம் செய்தால் சௌகரியம் என்பது சுயமரியாதையாகாது.

எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

ஆகவே புறப்படுகின்ற தோழர்களுக்கு நமது யோசனை இதுதான்.

ராகுகாலம் பார்க்காமல் ரயில் நேரம் பாருங்கள். சென்னையிலிருந்து புறப்படுகிற முத்துநகர் எக்ஸ்பிரஸ் எந்த எமகண்டத்துக்கும் நிற்பதில்லை. விடுதியில் சாமி படம் எத்தனை மாட்டியிருக்கிறது என்று எண்ணாமல், கக்கூசைத் திறந்து பாருங்கள். தாழ்ப்பாளை இழுத்துப் பாருங்கள். பெண்பிள்ளைகள் பயமில்லாமல் இருக்கலாமா என்று பாருங்கள். வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் பில் கேளுங்கள். கடையில் உணவுப் பாதுகாப்பு லைசென்ஸ் தொங்குகிறதா என்று பாருங்கள். கல்லாப் பெட்டிக்குப் பின்னால் இருப்பவன் ஜாதியை விசாரிக்கிற நேரத்தில், மேஜை துடைக்கிற பையன் பள்ளிக்கூடம் போகவேண்டிய வயதுள்ளவனா என்று பாருங்கள். அப்படியானால் எழுந்து வாருங்கள்.

கடற்கரைக்குப் போய்விட்டு, நம் ஊரில் கிடைக்கிற இட்லியையே தேடி அலையாதீர்கள். சீலாவும் பாறையும் நெத்திலியும் கணவாயும் அங்கே காலையில் கரையேறி மத்தியானம் குழம்பாகின்றன. ராத்திரிப் பரோட்டாக் கடையைத் தூத்துக்குடியில் "நைட் கிளப்" என்பார்கள். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், அங்கே ஆடுவது பரோட்டா மாவு மட்டுந்தான். ஒரே பெஞ்சில் லாரி டிரைவரும் வக்கீலும் துறைமுகக் கூலியும் தோளோடு தோள் உட்கார்ந்து ஒரே கல்லிலிருந்து எடுத்த பரோட்டாவைப் பிய்த்துத் தின்பதைப் பார்க்கலாம். ஆயிரம் மேடையில் நாம் பேசுகிற சமபந்தி அங்கே யாரும் தலைமை தாங்காமலே நடக்கிறது.

எல்லாவற்றிலும் முக்கியமானது ஒன்று. எந்த விடுதியிலாவது தெருப் பெயர் கேட்டால், "அறைக்கு எதற்குத் தெரு?" என்று திருப்பிக் கேளுங்கள். அடையாளச் சீட்டைக் காட்டுவது சட்டம். ஜாதியைக் காட்டுவது சட்டமல்ல. உங்களோடு வந்தவர்களில் ஒருவருக்கு இடமில்லை என்றால் அத்தனை பேரும் அங்கேயே நில்லுங்கள்; எழுத்தில் கேளுங்கள்; போலீசில் எழுதிக் கொடுங்கள். பிள்ளை தூங்குகிறது என்று என்னைப்போல் நழுவாதீர்கள். பிள்ளை ஓர் இரவு தூக்கம் கெட்டால் மறுநாள் தூங்கிக்கொள்ளும். அன்று கண்ட அவமானத்தை அது வாழ்நாளெல்லாம் சுமக்கும்.

வெள்ளம் கற்பித்தது

2023-ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் இந்த ஜில்லாவில் பெய்த மழையைத் தோழர்கள் மறந்திருக்கமாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிற்று. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட எக்ஸ்பிரஸ் ஏறத்தாழ 800 பேருடன் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் நின்றுவிட்டது. முன்னும் பின்னும் தண்டவாளத்துக்கு அடியில் மண் அரித்துப் போய்விட்டது. சுற்றிலும் தண்ணீர். கொஞ்சம் பேரைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போனார்கள். மீதிப் பேர் ரயிலிலேயே கிடந்தார்கள். அப்போது பக்கத்துப் புதுக்குடி ஊரார், தங்கள் வீடுகளையும் வெள்ளம் சூழ்ந்திருக்க, சோறாக்கிக் கொண்டுவந்து போட்டார்கள்.

அந்த ரயிலில் அன்று செந்தூரில் கும்பிட்டுவிட்டு ஏறினவர்கள் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். அவர்களுக்குச் சோறு போட வந்தவர்கள் மனிதர்கள். சோறு கொண்டுவந்தவர், "எந்த ஊர், எந்தத் தெரு?" என்று கேட்கவில்லை. வாங்கிச் சாப்பிட்டவர், "யார் சமைத்தது, எந்த ஜாதிப் பானை?" என்று கேட்கவில்லை. பசி கேட்கவில்லை, வெள்ளம் கேட்கவிடவில்லை.

தோழர்களே! வெள்ளம் வந்தால் இரண்டு நாளைக்கு மனிதனாக இருக்க முடிகிறவன், வெயில் அடிக்கிற நாளில் ஏன் அப்படி இருக்க முடியாது? தண்ணீர் வடிந்ததும் ஜாதி திரும்பி வரவேண்டும் என்று எந்தச் சட்டம் சொல்கிறது? இதைத்தான் கேட்கின்றோம். அந்தக் குழந்தையின் கையிலிருந்து வாங்கப்பட்ட சாவியை நாம் திருப்பி வாங்கிக் கொடுக்கவேண்டும். அடுத்த விடுமுறைக்குப் பெட்டி கட்டும்போது இதையும் நினைவில் கட்டிக்கொண்டு போங்கள்.